அட்லின்: வரைபடத்தில் இல்லாத தொகுதி

கனடாவின் வடமேற்கு மூலையில் சில ஆயிரம் பேருக்கென்று ஓர் எம்.எல்.ஏ. இருந்தார். அந்தத் தொகுதி நாட்டுக்குக் கொடுத்தது அதிகம். எண்ணிக்கை அதைக் காப்பாற்றவில்லை.

அட்லினுக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால், முதலில் அந்த ஊர் இருக்கும் மாகாணத்தை விட்டு வெளியேற வேண்டும். ஊர் இருப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில். ஆனால் மாகாணத்தின் மற்ற பகுதிகளோடு அதை நேராக இணைக்கும் சாலை கிடையாது. வடக்கே யூகான் பிரதேசத்துக்குள் போய், தலைநகர் வொயிட்ஹார்ஸிலிருந்து அலாஸ்கா நெடுஞ்சாலையில் ஜேக்ஸ் கார்னர் வரை வந்து, அங்கே தெற்கே திரும்ப வேண்டும். பிறகு ஏறக்குறைய 100 கி.மீ. தூரம் ஏரியும் காடுமாகவே போகும். இந்தச் சாலையும் 1950 வாக்கில் வந்ததுதான்.

அதற்கு முன் படகில் வந்து இறங்கி, சுமார் 4 கி.மீ. தூரம் ஓடும் ஒரு குட்டி ரயிலில் ஏறி, மறுபடியும் படகு பிடிக்க வேண்டும். 'டச்சஸ்' என்று பெயர் கொண்ட அந்த எஞ்சினுக்குத் திரும்பிக்கொள்ள இடமில்லை. ஒரு தடவை முன்னோக்கியும் மறு தடவை பின்னோக்கியும் ஓடியது. இப்போது யூகானில் உள்ள கார்கிராஸ் என்ற ஊரில் காட்சிப் பொருளாக நிற்கிறது.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணை நிறைப்பது ஏரி. டிலிங்கிட் மொழியில் 'பெரிய நீர்' என்று பொருள்படும் சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் அட்லின் ஆயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மிகப் பெரிய இயற்கை ஏரி இது. எதிர்க்கரையில் பனி மூடிய மலைகள். இக்கரையில் 1917 காலத்திய தராஹ்னி என்ற உல்லாசப் படகு, தரையில் ஏற்றிவைக்கப்பட்டு வெள்ளைப் பெயின்ட்டுடன் நிற்கிறது. மரத்தாலான பழைய நீதிமன்றக் கட்டடம், பழைய சினிமா கொட்டகை, ஒரு சில கடைகள். நிரந்தரமாக வசிப்பவர்கள் சில நூறு பேர்.

இந்த ஊரின் பெயரில் சுமார் 88 ஆண்டுகள் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 1903 தேர்தலில் தோன்றி, 1991 தேர்தலில் காணாமல் போனது. தலைநகர் விக்டோரியாவிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் அட்லின் சுமார் 1,400 கி.மீ. தூரம், ஏறக்குறைய சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள இடைவெளி. அத்தனை தொலைவில் ஒரு கைப்பிடி மக்களுக்குத் தனி எம்.எல்.ஏ. எதற்கு என்ற கேள்வியும், அவர்களுக்குத்தான் அவசியம் என்ற பதிலும் கடைசிவரை மோதிக்கொண்டே இருந்தன. இன்றும் அந்தச் சண்டை ஓய்ந்துவிடவில்லை. அட்லினை விட்டு வேறு நாடுகளுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தங்கம் வரைந்த எல்லை

1898இல் பைன் கிரீக் என்ற ஓடையில் தங்கம் கிடைத்தது. யூகானின் க்ளோண்டைக் தங்க வேட்டைக்குப் புறப்பட்டவர்களில் பலர் பாதி வழியிலேயே இந்தப் பக்கம் திரும்பினார்கள். அடுத்த ஆண்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் அடித்துவிட்டனர். தோண்டும் இடம் எந்த அரசின் எல்லைக்குள் வருகிறது என்பதுகூட முதலில் தெளிவாக இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாதான் என்று உறுதியானதும் மாகாண அரசு விழித்துக்கொண்டது. அந்நியர்கள், அதாவது அமெரிக்கர்கள், தோண்டக் கூடாது என்று 1899இல் சட்டமே போட்டது. நீதிமன்றம் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள். கடைசியில் தொகுதியும் வந்தது.

முதல் உறுப்பினர் ஹென்றி எஸன் யங் என்ற டாக்டர். 1903 முதல் 1916 வரை அட்லின் அவரைத் தேர்ந்தெடுத்தது. கல்வி அமைச்சராக இருந்து, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கான 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் தந்தை என்றே அவரைக் குறிப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கே பஞ்சமான ஒரு மூலையின் பிரதிநிதி, வான்கூவர் நகருக்குப் பல்கலைக்கழகம் வாங்கிக் கொடுத்தார்.

தங்கம் குறைந்ததும் கூட்டம் கரைந்தது. தொகுதியில் வேறு சுரங்க ஊர்கள் முளைத்தன, மூடின. வடக்கே காசியார் என்ற கல்நார்ச் சுரங்க ஊர் 1992இல் இழுத்து மூடப்பட்டது. தெற்கே நாஸ் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் உள்ள கிட்ஸால்ட் கதை இன்னும் விசித்திரம். மாலிப்டினம் என்ற உலோகத்தை நம்பி 1980 வாக்கில் வீடு, கடை, மருத்துவமனை என்று ஒரு நகரமே கட்டினார்கள். விலை சரிந்ததால் இரண்டு ஆண்டுகளில் எல்லோரும் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். ஆளில்லாத அந்த ஊரை 2005 வாக்கில் மொத்தமாக விலைக்கு வாங்கியவர், இந்தியாவில் பிறந்த அமெரிக்கத் தொழிலதிபர் கிருஷ்ணன் சுதந்திரன்.

சுரங்கக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். போகாமல் இருந்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள்: அட்லின் ஏரிக்கரையில் டிலிங்கிட் மக்கள், தென்கோடியில் நாஸ் நதிப் பள்ளத்தாக்கில் நிஸ்கா மக்கள். ஆனால் தொகுதி பிறந்து 46 ஆண்டுகள் வரை அதன் வாக்காளர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

'இந்து'வும் 'இந்திய'னும்

இந்த இடத்தில் நம் வாசகர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பழைய தேர்தல் சட்டம் சீனர், ஜப்பானியர், 'இந்து', 'இந்தியர்' ஆகிய நால்வரையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றது. இதில் 'இந்து' என்பது நாம். பெரும்பாலும் சீக்கியர்களாக இருந்த இந்தியக் குடியேறிகள் எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான். அவர்கள் 1907இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். 'இந்தியர்' என்பது அந்த நாட்டின் பூர்வகுடிகள். கொலம்பஸ் செய்த குளறுபடி நானூறு ஆண்டுகள் கழித்து ஒரு சட்ட வாக்கியத்தில் இரண்டு கூட்டத்தாரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, இருவரையும் வெளியே தள்ளியது.

சீனர்களுக்கும் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கும் மாகாணத்தில் ஓட்டுரிமை கிடைத்தது 1947இல். பூர்வகுடிகளுக்கும் ஜப்பானியர்களுக்கும் 1949இல். நாடாளுமன்றத் தேர்தலில் பூர்வகுடிகள் எல்லோரும் தடையின்றி ஓட்டுப் போட 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1949 ஜூனில் தேர்தல் நடந்தது. பூர்வகுடிகள் முதல் முறையாக ஓட்டுப் போட்ட அந்தத் தேர்தலிலேயே அட்லின் தொகுதி ஒரு பூர்வகுடியைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அவர் ஃப்ராங்க் கால்டர். கனடாவின் இந்தியர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஒருவர் நாட்டின் எந்தச் சட்டமன்றத்திலும் நுழைந்தது அதுவே முதல் தடவை.

மலையை நகர்த்த வந்தவர்

கால்டர் 1915இல் நாஸ் ஆற்று முகத்துவாரத்தில் பிறந்த நிஸ்கா. குழந்தையாக இருந்தபோதே வளர்ப்புத் தந்தை அவரைப் பெரியவர்கள் முன் நிறுத்தி, வெள்ளைக்காரனின் சட்டத்தைப் படித்து யாராலும் அசைக்க முடியாத மலையை இவன் அசைப்பான் என்று சொன்னதாக நிஸ்கா மக்களிடையே ஒரு கதை உண்டு. மலை என்றது நிலப் பிரச்சினையை. எஸன் யங் சட்டம் கொண்டுவந்து உருவான அதே பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த இறையியல் கல்லூரியில் கால்டர் 1946இல் பட்டம் பெற்றார். அட்லினின் முதல் எம்.எல்.ஏ. போட்ட விதை, தொகுதியின் மிகப் பெரிய எம்.எல்.ஏ.வுக்கு நிழலாயிற்று.

நிலப் பிரச்சினை பழையது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும் பகுதியில் பூர்வகுடிகளோடு எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளாமலே நிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1887இலேயே நிஸ்கா தலைவர்கள் படகேறி விக்டோரியாவுக்குப் போய் முறையிட்டார்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் 1927இல் மத்திய அரசு ஒரு காரியம் செய்தது. நில உரிமை கேட்டு வழக்குப் போடப் பணம் திரட்டுவதும் வக்கீல் வைப்பதும் குற்றம் என்று சட்டத்தைத் திருத்தியது. 1951 வரை அது அமலில் இருந்தது. 1949இல் கால்டர் சட்டமன்றத்தில் உட்கார்ந்தபோது, அவருடைய மக்கள் தங்கள் நிலத்துக்காக வழக்குச் செலவுக்கு வசூல் செய்வது சட்டப்படி குற்றம்!

அந்தத் தடை நீங்கிய பிறகு, 1955இல் நிஸ்கா பழங்குடிக் கவுன்சில் உருவானது. கால்டர் அதன் தலைவரானார். 1956 தேர்தலில் தோற்று, 1960இல் மறுபடியும் வென்றார். 1967இல் அவர் பெயரிலேயே வழக்கு தாக்கலானது. வாதாடியவர் அப்போது இளைஞராக இருந்த தாமஸ் பெர்ஜர். கீழ் நீதிமன்றத்தில் தோல்வி, மேல்முறையீட்டில் தோல்வி. கடைசியில் கனடா உச்ச நீதிமன்றம்.

1973 ஜனவரி 31ஆம் தேதி வந்த தீர்ப்பைத் தோல்வி என்பதா வெற்றி என்பதா என்று அன்றைக்கு யாருக்கும் சட்டென்று சொல்ல முடியவில்லை. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே பூர்வகுடிகளுக்கு நிலத்தின் மீது சட்டப்படியான உரிமை இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதில் மூன்று பேர் ஆம் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். ஏழாவது நீதிபதி அந்தக் கேள்விக்குள்ளேயே போகவில்லை. அரசின் மீது வழக்குத் தொடர முன் அனுமதி வாங்கவில்லை என்ற காரணத்துக்காக வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆக, நிஸ்கா மக்கள் தோற்றது ஒரு நீதிபதியின் ஓட்டில்.

ஆனால் பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு அந்தத் தீர்ப்புக்குப் பின் பழைய நிலையிலேயே நிற்க முடியவில்லை. அதே ஆண்டு நில உரிமை கோரிக்கைகளைப் பேசித் தீர்ப்பதாகக் கொள்கை அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி நில உரிமையை ஏற்றுக்கொண்ட 1992ஆம் ஆண்டின் மேபோ தீர்ப்பிலும் கால்டர் வழக்கு எடுத்தாளப்பட்டது. ஒரு மூலைத் தொகுதியின் எம்.எல்.ஏ. பெயர் உலகச் சட்டப் புத்தகங்களில் ஏறிவிட்டது.

ஒரே ஓட்டு

அரசியல் கால்டரிடம் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை. 1972இல் டேவ் பாரெட்டின் புதிய ஜனநாயகக் கட்சி அரசில் அவர் இலாகா இல்லாத அமைச்சரானார். பதிவு பெற்ற பூர்வகுடி ஒருவர் கனடாவில் அமைச்சரானது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டே நீக்கப்பட்டார். 1975இல் எதிர் முகாமான சோஷியல் கிரெடிட் கட்சிக்கு மாறி அட்லினில் மறுபடியும் வென்றார். தொகுதிக்குக் கட்சி முக்கியமாக இல்லை, கால்டர்தான் முக்கியம் என்று தோன்றியது.

1979இல் அந்தக் கணக்கும் பொய்த்தது. அவருடைய பழைய கட்சியின் வேட்பாளர் ஆல் பாஸரெல் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் கால்டரைத் தோற்கடித்தார். கால்டரும் அவர் மனைவியும் அன்று ஓட்டுப் போடவில்லை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நமக்கு இது பழகிய கதைதான். 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தியும், 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷியும் ஒரே ஓட்டில்தான் தோற்றார்கள். ஓட்டுப் போடாத டிரைவர், ஓட்டுப் போடாத குடும்பத்தார் என்று அங்கேயும் கதைகள் உலவின. ஆனால் லட்சக்கணக்கில் ஓட்டு விழும் இடத்தில் ஒரு ஓட்டுத் தோல்வி என்பது விபத்து. சில ஆயிரம் வாக்காளர்களே உள்ள அட்லினில் அது எப்போதும் வாசலில் நின்ற சாத்தியம்.

தொகுதியின் தூரம் எப்படிப்பட்டது என்பதற்குப் பாஸரெலின் முடிவே சாட்சி. 1986இல் தொகுதிக்குள் இருந்த டீஸ் லேக்கில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அட்லின் ஊருக்கும் நாஸ் பள்ளத்தாக்குக்கும் நேர்கோட்டிலேயே 500 கி.மீ.க்கு மேல். சாலை வழியாகப் போனால் யூகானுக்குள் நுழைந்து சுற்றி, ஆயிரம் கி.மீ.க்கும் அதிகம். இங்கே எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்கவும் குறை கேட்கவும் சிறு விமானத்தைத்தான் நம்ப வேண்டும். அவருக்குப் பின் 1986 தேர்தலில் வென்ற லாரி குனோ ஒரு வக்கீல், நிஸ்கா. அட்லினின் கடைசி எம்.எல்.ஏ. அவர்தான்.

கணக்கு தீர்ந்தது

1980களின் இறுதியில் அட்லினின் மொத்த மக்கள்தொகை சுமார் 5,500. அதே நேரத்தில் வான்கூவருக்குப் பக்கத்தில் சர்ரே-நியூட்டன் தொகுதியில் 68,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் எம்.எல்.ஏ. சர்ரேயில் வசித்த ஒருவரின் ஓட்டைப் போல அட்லின்காரரின் ஓட்டுக்குப் பன்னிரண்டு மடங்கு கனம். சர்ரே, நம் பஞ்சாபிகள் திரளாகக் குடியேறிய ஊர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

நீதிபதி தாமஸ் ஃபிஷர் தலைமையிலான கமிஷன் 1988இல் புதிய வரைபடம் ஒன்றைப் பரிந்துரைத்தது. சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் எந்தத் தொகுதியும் விலகக் கூடாது என்றது. பழைய வரைபடம் செல்லாது என்று தொடரப்பட்ட டிக்ஸன் வழக்கில், மாகாண நீதிமன்றத் தலைமை நீதிபதியாக அதை விசாரித்த பெவர்லி மக்லாக்லின் 1989இல் தீர்ப்பளித்தார். இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு அரசியல் சட்டம் தரும் ஓட்டுரிமைக்கு முரணானது என்பது தீர்ப்பு. ஏற்றத்தாழ்வுக்கு உதாரணம் காட்ட அட்லினை விட வசதியான தொகுதி கிடைத்திருக்காது. 1991 தேர்தல் 75 தொகுதிகளோடு நடந்தது. அட்லின் ஊர் பல்க்லி வேலி-ஸ்டிக்கின் என்ற பெரிய தொகுதிக்குள் கரைந்தது.

தீர்ப்பில் தவறு கண்டுபிடிப்பது கடினம். ஒருவருக்கு ஓர் ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்ற கொள்கைதான் 1947இல் 'இந்து'வையும் 1949இல் 'இந்திய'னையும் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதே கொள்கை நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த 'இந்திய'னை முதலில் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதியை அழித்தது. சமமான தொகுதிகள் மட்டுமே இருந்த வரைபடத்தில் கால்டர் 1949இல் ஜெயித்திருப்பாரா என்ற சந்தேகம் நியாயமானது. நகரங்களில் பூர்வகுடி ஓட்டு கூட்டத்தில் கரைந்துபோகும். அட்லினில் அது எண்ணிப் பார்க்க வேண்டிய ஓட்டாக இருந்தது.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. அதே மக்லாக்லின் கனடா உச்ச நீதிமன்ற நீதிபதியான பின் 1991இல் சஸ்காச்செவன் மாகாணத் தொகுதிகள் பற்றிய வழக்கில் எழுதினார்: ஓட்டுரிமையின் சாரம் எண்ணிக்கையில் முழுச் சமத்துவம் அல்ல, பயனுள்ள பிரதிநிதித்துவம். நிலப்பரப்பு, சமூகத்தின் வரலாறு, சிறுபான்மையினரின் நிலை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கலாம் என்றார். அட்லினுக்காக யாராவது வாதாடியிருந்தால் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பன்னிரண்டு மடங்கு வித்தியாசத்தை எந்த வாதமும் காப்பாற்றியிருக்காது.

நம் பக்கத்துக் கணக்கு

நாமும் இந்தக் கணக்கோடு பழகியவர்கள்தான். 2019 மக்களவைத் தேர்தலில் லட்சத்தீவில் சுமார் 55 ஆயிரம் வாக்காளர்கள், தெலங்கானாவின் மல்காஜ்கிரியில் 31 லட்சத்துக்கு மேல். தீவுக்குத் தனி உறுப்பினர் வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. மாநிலங்களுக்கு இடையே என்று வரும்போதுதான் சூடு பறக்கிறது. மக்கள்தொகை மெதுவாக வளர்ந்ததால் 1967இல் சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆகக் குறைந்தன. 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களின் பங்கை உறைய வைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அந்த உறைநிலையை 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் வெற்றி பெற்றதற்குத் தண்டனையா என்று தெற்கு கேட்பதும், என் ஓட்டுக்கு மட்டும் ஏன் மதிப்புக் குறைவு என்று வடக்கு கேட்பதும் அட்லினும் சர்ரேயும் கேட்ட அதே இரண்டு கேள்விகள்.

ஒரு தொகுதியின் பெயர் போவது மக்களுக்கு எப்படி இருக்கும் என்பதைப் புதுக்கோட்டையில் கேட்கலாம். தனி சமஸ்தானமாக இருந்த ஊர் அது. மறுவரையறைக்குப் பின் 2009 தேர்தலில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி இல்லாமல் போய், மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்காகப் பிரிந்தன. ஊர் அப்படியே இருக்கிறது. ஒரே குரலில் பேசக்கூடிய இடம்தான் போய்விட்டது.

எண் 113

நாஸ் பள்ளத்தாக்கில் வேறு ஏற்பாடு நடந்தது. டெரஸ் நகரிலிருந்து வடக்கே போகும் சாலை, கிலோமீட்டர் கணக்கில் கறுத்து உறைந்த எரிமலைக் குழம்பின் மீது ஓடுகிறது. சுமார் இருநூற்றைம்பது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து இரண்டாயிரம் பேர் மாண்டதாக நிஸ்கா வாய்மொழி வரலாறு சொல்கிறது. அந்தப் பாறைகளின் மேல் இப்போது வெளிர்ப் பாசி படர்ந்திருக்கிறது. அதைத் தாண்டினால் நிஸ்கா கிராமங்கள், அவர்களுடைய அரசின் தலைமையிடம், டோட்டம் கம்பங்கள்.

கால்டர் வழக்கின் தொடர்ச்சியாக நடந்த நீண்ட பேச்சுவார்த்தை முடிந்து, நிஸ்கா உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி அமலுக்கு வந்தது. சுமார் 2,000 சதுர கி.மீ. நிலமும் சுயாட்சியும் கிடைத்தன. கேட்ட நிலத்தில் அது ஒரு சிறு பகுதிதான். கால்டர் அதைப் பார்த்துவிட்டு, 2006 நவம்பரில் 91ஆவது வயதில் மறைந்தார். அவரை ஆறு தடவைக்கு மேல் தேர்ந்தெடுத்த தொகுதி அதற்குள் வரைபடத்தில் இல்லை.

சட்டமன்றத்தில் ஒரு நாற்காலி போயிற்று, பள்ளத்தாக்கில் ஓர் அரசு வந்தது. எண்ணிக்கையில் சிறுத்தவர்களுக்கு எல்லைக் கோட்டை நீட்டிச் சலுகை தருவதைவிட, அவர்கள் மண்ணில் அவர்களே முடிவெடுக்கும் உரிமையைத் தருவது மேல் என்று இதிலிருந்து ஒருவர் வாதிடலாம். ஆனால் அந்த உரிமையைக் கேட்டு வாங்க, முதலில் ஒரு நாற்காலி தேவைப்பட்டது.

பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலைக்கு எண் 113. 1887இல் தலைவர்கள் படகேறிப் போனதிலிருந்து 2000 வரை எத்தனை ஆண்டுகள் என்று கூட்டிப் பார்த்து வைத்த எண் அது.